தளத்தை மாற்றியும் பழைய பக்கமே வருகிறதா?

ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றி, டொமைன் பெயருக்குப் புதிய நேம் சர்வர்களைக் கொடுத்த பின்னரும் சில கம்ப்யூட்டர்களில் பழைய தளமே தெரியும். மாற்றம் உலகெங்கும் பரவ 48 மணி நேரம் ஆகும் என்பார்கள். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. பழைய விடைகள் காலாவதியாக வேண்டும், அவ்வளவுதான்.

பிரவுசரில் தளத்தின் பெயரை டைப் செய்தவுடன், உங்கள் இணைய சேவை நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர் அதற்குரிய ஐ.பி. எண்ணைத் தேடித் தருகிறது. கிடைத்த விடையைக் குறிப்பிட்ட காலம் வரை நினைவில் வைத்துக் கொள்கிறது. இந்தக் கால அளவிற்கு டி.டி.எல். என்று பெயர். இது விநாடிகளில் தரப்படும். 86400 என்றால் ஒரு நாள். டாட் காம் பெயர்களின் நேம் சர்வர் விபரங்களுக்கு இது 172800, அதாவது இரண்டு நாட்கள். இதனை நம்மால் குறைக்க இயலாது.

என்ன செய்யலாம்?

1. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில், ஆங்கிலத்தில் என்எஸ்லுக்அப் என டைப் செய்து, இடைவெளி விட்டு, டொமைன் பெயரைத் தந்து என்டர் தட்டவும். கிடைக்கும் எண்ணைக் குறித்துக் கொள்ளவும். அதே கட்டளையின் இறுதியில் இடைவெளி விட்டு 8.8.8.8 எனச் சேர்த்தால், கூகுளின் டி.என்.எஸ். சர்வர் பதில் தரும். ஒன்றில் பழைய எண்ணும் மற்றதில் புதிய எண்ணும் வந்தால் காத்திருந்தால் போதும். இரண்டு நாட்களுக்குப் பின்னரும் இரண்டிலும் பழைய எண்ணே வந்தால், டொமைனைப் பதிந்த நிறுவனத்தின் தளத்தில், நேம் சர்வர் பெயரில் எழுத்துப் பிழை உள்ளதா எனப் பார்க்கவும்.

2. புதிய எண் வந்தும் பழைய பக்கம் தெரிந்தால், உங்கள் கம்ப்யூட்டரே பழையதை நினைவில் வைத்திருக்கலாம். ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, பிரவுசரை மூடித் திறக்கவும்.

3. நேம் சர்வரை மாற்றாமல் ஐ.பி. எண்ணை மட்டும் மாற்றுவதாக இருந்தால், முன்கூட்டியே டி.டி.எல். அளவை 300 எனக் குறைத்துவிடவும். பழைய டி.டி.எல். காலம் முடிந்த பின்னர் எண்ணை மாற்றினால், பெரும்பாலும் ஐந்து நிமிடங்களில் புதிய தளம் கிடைக்கும்.

கடைக்காரரான என் நண்பர், தளத்தை மாற்றிய அன்றே பழைய ஹோஸ்டிங் கணக்கை மூட நினைத்தார். பொறுங்கள் என்றேன். மறுநாள் மூன்று ஆர்டர் மெயில்கள் பழைய மெயில் பெட்டிக்குத்தான் வந்திருந்தன. கணக்கை மூடியிருந்தால் அவை அவருக்குக் கிடைத்திருக்காது.

எனவே நான்கைந்து நாட்களாவது பழைய கணக்கு இயங்கட்டும். இரண்டு மெயில் பெட்டிகளையும் தினமும் பாருங்கள்.