முதல் நாளில் வென்ற ட்ரீம்காஸ்ட் ஏன் தோற்றது?

ஒரு புதிய பொருள் சந்தைக்கு வரும் நாளில், கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தே அதன் எதிர்காலத்தை நாம் கணித்துவிடுகிறோம். வரிசை நீளமாக இருந்தால் வெற்றி, இல்லையென்றால் தோல்வி என்பது நமது கணக்கு. இந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதற்கு வீடியோ கேம் உலகில் தெளிவான சான்று ஒன்று உண்டு. ஜப்பானின் சேகா நிறுவனம் 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெளியிட்ட ‘ட்ரீம்காஸ்ட்’ என்ற கருவிதான் அது.

முதல் 24 மணி நேரத்தில் 2,25,132 கருவிகள் விற்றன. கருவி, விளையாட்டுகள், உபகரணங்கள் எல்லாம் சேர்த்து அந்த ஒரே நாளில் 9.84 கோடி டாலருக்கு வியாபாரம் நடந்ததாக சேகா அறிவித்தது. பொழுதுபோக்குத் துறை வரலாற்றிலேயே இதுபோன்ற 24 மணி நேரம் இருந்ததில்லை என்று அந்நிறுவனம் பெருமைப்பட்டுக்கொண்டது. ஆனால் 2001 ஜனவரி 31 அன்று அதே நிறுவனம், ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே 17 மாதங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை.

விளையாட்டுக் கருவியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கருவி விளையாட்டுக்கானதுதான். ஆனால் அதில் பெற்றோர் செலவழித்த பணமும், பணியாளர்களின் வேலையும், ஒரு நிறுவனத்தின் சொல்லுக்கு மக்களிடம் இருந்த மதிப்பும் அடங்கியிருந்தன. ஆகவே அந்த 17 மாதங்களில் நடந்தது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கருவி நல்ல கருவிதான்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். ட்ரீம்காஸ்ட் தரக்குறைவான கருவி அல்ல. ஹிட்டாச்சி நிறுவனத்தின் எஸ்எச்-4 செயலியும், பவர்விஆர் என்ற வரைகலைச் சில்லும் அதில் இருந்தன. அன்று சந்தையில் இருந்த பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64 ஆகிய இரண்டையும்விட அதன் காட்சித் தரம் பல மடங்கு உயர்ந்திருந்தது. விலை 199 டாலர். அமெரிக்காவில் வெளியான முதல் நாளிலேயே அதற்கென 18 விளையாட்டுகள் கடைகளில் தயாராக இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைபேசி இணைப்பு வழியாக இணையத்தில் சேர உதவும் 56 கே மோடம் அமெரிக்கக் கருவிகளுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே சேர்ந்து விளையாடுவது இன்று சர்வ சாதாரணம். 1999-இல் அதை ஒரு கேம் கருவியின் அடிப்படை அம்சமாகவே வைத்து விற்றது துணிச்சலான முடிவு என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படியிருந்தும் ஏன் தோற்றது? விடையைத் தேட, வெளியீட்டு நாளிலிருந்து நாம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பழைய கணக்கு

1990-களின் தொடக்கத்தில் சேகா அமெரிக்காவில் நின்டெண்டோவுக்கு நிகராக நின்ற நிறுவனம். அங்கே ‘ஜெனிசிஸ்’ என்ற பெயரில் விற்ற அதன் கருவி பல இலட்சம் வீடுகளில் இருந்தது. அந்த வெற்றியை நீட்டிக்க, ஜெனிசிஸுடன் இணைத்துப் பயன்படுத்தும் சிடி கருவியை 1992-இல் அமெரிக்காவில் வெளியிட்டது. 1994 இறுதியில் ‘32எக்ஸ்’ என்ற மற்றோர் இணைப்புக் கருவி வந்தது. வாங்கியவர்கள் அதைப் பழகுவதற்குள், ‘சாட்டர்ன்’ என்ற முற்றிலும் புதிய கருவி வந்துவிட்டது. 32எக்ஸ் கருவிக்கு மிகச் சில விளையாட்டுகளே வந்தன. பணம் கொடுத்து வாங்கியவர்கள் நடுவழியில் விடப்பட்டார்கள்.

சாட்டர்ன் கருவியை 1995 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவில் வெளியிடுவதாக சேகா முதலில் சொல்லியிருந்தது. ஆனால் அந்த ஆண்டு மே 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த இ3 கண்காட்சி மேடையில், குறிப்பிட்ட சில கடைகளில் அது ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டதாகத் திடீரென அறிவித்தது. விலை 399 டாலர். போட்டியாளரான சோனியை முந்துவதே நோக்கம். அதே கண்காட்சியில் பேச வந்த சோனியின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் ஸ்டீவ் ரேஸ், பிளேஸ்டேஷனின் விலையான 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

முந்துவதற்காகச் செய்த அந்த வேலை மூன்று தரப்பினரைப் புண்படுத்தியது. முதலாவது, கருவி கிடைக்காத கடைக்காரர்கள். கேபி டாய்ஸ் என்ற பெரிய கடைத் தொடர், சாட்டர்னை விற்கவே மறுத்துவிட்டது. இரண்டாவது, செப்டம்பரை மனத்தில் வைத்து விளையாட்டுகளைத் தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனங்கள். அவற்றின் விளையாட்டுகள் தயாராகும் முன்பே கருவி கடைக்கு வந்துவிட்டது. மூன்றாவது, செப்டம்பருக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள். பிறகு 1997-இல், சாட்டர்ன் தங்கள் எதிர்காலம் அல்ல என்று சேகாவின் அமெரிக்கத் தலைமை வெளிப்படையாகவே சொன்னது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மூன்று கருவிகள் இப்படிக் கைவிடப்பட்டன.

ட்ரீம்காஸ்ட் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அதன் தோளில் ஏறியிருந்த சுமை இதுதான். கருவி புதியது, விற்பவரைப் பற்றிய நினைவு பழையது.

வருமானம் எங்கிருந்து வருகிறது?

இங்கே இந்தத் தொழிலின் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். பிரிண்டரை மலிவாக விற்று, மையில் இலாபம் பார்க்கும் முறையை நாம் அறிவோம். கேம் கருவிகளின் வியாபாரமும் ஏறத்தாழ அப்படித்தான். கருவியை அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கொடுத்துவிட்டு, அதில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலிருந்தும் பங்கு பெறுவார்கள். ஆகவே முதல் நாளில் எத்தனை கருவிகள் விற்றன என்பது இலாபத்தின் அளவுகோல் ஆகாது. அடுத்த நான்கைந்து ஆண்டுகள் அந்தக் கருவிக்கு விளையாட்டுகள் வந்துகொண்டே இருக்குமா, மக்கள் அவற்றை வாங்கிக்கொண்டே இருப்பார்களா என்பதே கேள்வி.

அதற்குப் பிற நிறுவனங்களின் ஒத்துழைப்பு அவசியம். அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ட்ரீம்காஸ்டுக்காக ஒரு விளையாட்டைக்கூடத் தயாரிக்கவில்லை. கால்பந்து முதலான போட்டி விளையாட்டுகளில் தங்களுக்கே தனியுரிமை வேண்டும் என்று அது கேட்டதாகவும், அந்தத் துறைக்கென ஒரு நிறுவனத்தையே விலைக்கு வாங்கியிருந்த சேகா அதற்கு இணங்கவில்லை என்றும் அன்றைய பொறுப்பாளர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். சேகா தானே தயாரித்த போட்டி விளையாட்டுகள் தரமானவைதாம். ஆனால் தம் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்கும் பெயர்கள் அந்தக் கருவிக்கு வராது என்பதைப் பெற்றோர் கவனித்தார்கள்.

இன்னொரு பக்கம் திருட்டுப் பிரதிகள். ‘ஜிடி-ரோம்’ என்ற தனி வகை வட்டைப் பயன்படுத்துவதால் நகலெடுக்க முடியாது என்று சேகா நம்பியது. ஆனால் இசை வட்டுகளுக்காக அது விட்டுவைத்த ஒரு வசதியின் வழியே, சாதாரண சிடியில் நகலெடுத்த விளையாட்டுகளையும் ஓட்டலாம் என்று 2000-ஆம் ஆண்டு சிலர் கண்டுபிடித்தார்கள். வீழ்ச்சிக்கு இதுவே முழுக் காரணம் என்பது மிகை. எனினும் விளையாட்டு விற்பனையை மட்டுமே நம்பிய ஒரு தொழிலில், பிறர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்வது ஏற்கெனவே தள்ளாடுபவரின் கைத்தடியைப் பறிப்பது போன்றது.

காத்திருக்கத் தீர்மானித்த மக்கள்

1999 மார்ச்சிலேயே சோனி தனது அடுத்த கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000 மார்ச் 4 அன்றும், அமெரிக்காவில் அதே ஆண்டு அக்டோபர் 26 அன்றும் வெளியானது. விலை 299 டாலர். ட்ரீம்காஸ்டைவிட அதிகம்தான். ஆனால் அதில் டிவிடி படங்களைப் பார்க்கலாம். பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளையும் அதிலேயே ஓட்டலாம். ஏற்கெனவே வாங்கி வைத்தவை வீணாகாது என்ற உறுதி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது!

சேகா விலையை 149 டாலராகக் குறைத்தது. உதிரிபாகப் பற்றாக்குறையால் அமெரிக்க வெளியீட்டு நாளுக்கு சோனி அனுப்பிய பிளேஸ்டேஷன் 2 கருவிகள், திட்டமிட்டதில் பாதிதான். ஒன்று கைக்கு எட்டும் மலிவான கருவி. மற்றொன்று கடையில் கிடைக்காத விலை உயர்ந்த கருவி. ஆனாலும் மக்களில் பெரும்பாலோர் கையிலிருந்ததை வாங்காமல் காத்திருந்தார்கள். சோனி அடுத்த ஐந்தாண்டும் இருக்கும் என்று நம்பினார்கள். சேகா இருக்குமா என்று சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்தால் விற்பனை குறைந்தது. விற்பனை குறைந்ததால் அந்தச் சந்தேகமே உண்மையானது.

மிச்சமிருந்தவை

உற்பத்தி 2001 மார்ச்சுடன் முடிந்தது. உலகெங்கும் விற்ற ட்ரீம்காஸ்ட் கருவிகள் சுமார் 91 இலட்சம். பிளேஸ்டேஷன் 2 பிற்காலத்தில் 15 கோடியைத் தாண்டியது. சேகாவின் டோக்கியோ ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேலை இழந்தார்கள்.

இந்தக் கதையில் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் ஒரு மனிதர் உண்டு. சேகாவின் தலைவராக இருந்த இசாவோ ஓகாவா, தாம் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த கடனைத் தள்ளுபடி செய்ததுடன், சுமார் 69.5 கோடி டாலர் மதிப்புள்ள தம் பங்குகளையும் சேகாவுக்கே கொடுத்தார். 2001 மார்ச் 16 அன்று அவர் இறந்தார். அந்தப் பணமும் சேர்ந்தே நிறுவனத்தைக் கரை சேர்த்தது. சேகா கருவி தயாரிப்பதை விட்டுவிட்டு, பிறர் கருவிகளுக்கு விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனமாக மாறியது. அதன் அடையாளமான சோனிக் என்ற நீல முள்ளெலி, 2001 இறுதியிலேயே பழைய போட்டியாளரான நின்டெண்டோவின் கருவிகளில் ஓடத் தொடங்கியது. ட்ரீம்காஸ்ட் முன்வைத்த இணையவழி விளையாட்டு, அடுத்த சில ஆண்டுகளில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான அம்சமாகிவிட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வெளியீட்டு நாள் என்பது கொண்டாட்டம் மட்டுமல்ல. “இந்தப் பொருளை நம்பி இன்று பணம் கொடுங்கள், நாளை உங்களைக் கைவிட மாட்டோம்” என்று வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு அது. வாக்கு ஓர் அமானிதம். அதை ஒருமுறை மீறினால் மன்னிப்பார்கள். மூன்று முறை மீறிய பின், நாலாவது முறை உண்மையாகவே நல்ல பொருளைக் கொண்டுவந்தாலும் நம்பத் தயங்குவார்கள். ட்ரீம்காஸ்டுக்கு நேர்ந்தது அதுவே. சிறு கடை வைத்திருப்பவருக்கும் பெரு நிறுவனத்துக்கும் இதில் வேறுபாடு இல்லை.

வாங்குவோருக்கும் இதில் பாடம் உண்டு. புதிய கருவி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும்போது, முதல் நாள் வரிசையின் நீளத்தை நாம் பார்க்க வேண்டாம். இதற்கு முன் விற்றவற்றை அந்த நிறுவனம் எத்தனை ஆண்டுகள் பராமரித்தது, பழையவற்றை வாங்கியவர்களை எப்படி நடத்தியது என்று கேட்போம். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே கொடுத்து, விடை தேடி வரச் சொல்வோம். கருவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒருவரின் சொல்லை அவரது கடந்தகாலச் செயலோடு வைத்து நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் தங்கிவிடும்.