முட்டுச்சந்தில் நிற்கும் நகரம்

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் வழி தவறுவது கடினம். நீளவாக்கில் மெயின் ரோடுகள், குறுக்கே கிராஸ் ரோடுகள். எட்டாவது கிராஸில் குழி தோண்டியிருந்தால் ஒன்பதாவது கிராஸ் வழியாகப் போய்விடலாம். 1898ல் பிளேக் நோய் நகரைத் தாக்கிய காலத்தையொட்டி உருவான பகுதி இது. பழைய பங்களாக்கள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. தெருக்கள் மட்டும் மாறவில்லை.

கிழக்கே ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கம் கதையே வேறு. சாஃப்ட்வேர் நிறுவனங்களைத் தொடர்ந்து வந்த குடியிருப்புகள் விவசாய நிலங்களில் முளைத்தவை. ஒவ்வொரு பில்டரும் தான் வாங்கிய நிலத்துக்குள் மட்டும் சாலை போட்டார். பக்கத்து லேஅவுட்டோடு அதை இணைப்பது யாருடைய கவலையாகவும் இல்லை. விளைவு, இடையில் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் உள்ள பள்ளிக்குக்கூட மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றித்தான் போகவேண்டும். ஒரு காலத்தில் கிராமங்களை இணைத்த அந்த ஒரே சாலையில்தான் பஸ், தண்ணீர் லாரி, ஆம்புலன்ஸ் எல்லாமே முண்டியடிக்கின்றன. சாலையை அகலப்படுத்தினாலும் மாற்று வழி கிடைத்துவிடாது.

2007ல் 7 நகரசபைகள், ஒரு புரசபை, 110 கிராமங்கள் ஆகியவற்றைச் சேர்த்து மாநகராட்சி விரிவாக்கப்பட்டது. அதற்குள் பல இடங்களில் வீடுகள் முந்திக்கொண்டிருந்தன.

இது பெங்களூரின் நோய் மட்டுமல்ல. 1975க்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் புதிய தெருக்களுக்கிடையிலான இணைப்பு குறைந்துவருவதாக, கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் ஆகியோர் 2020ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒருமுறை போட்ட தெருவமைப்பை மாற்றுவது அரிது.

மாற்று வழி இந்தியாவிலேயே இருக்கிறது. அகமதாபாத்தில் 'டவுன் பிளானிங் ஸ்கீம்' என்ற முறைப்படி, பல உரிமையாளர்களின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து முதலில் தெருக்களை வரைகிறார்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மீதியைச் சாலையை ஒட்டிய ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தருகிறார்கள். 1915ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தில் வேர்கொண்ட முறை இது. 76 கி.மீ. நீள சர்தார் படேல் ரிங் ரோட்டுக்கான நிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது. குறையில்லாத முறையல்ல: ஒரு ஸ்கீம் முழுமை பெறப் பல ஆண்டுகள் ஆவதுண்டு. ஆனாலும் தெரு முதலில், வீடு பிறகு என்ற வரிசை காப்பாற்றப்படுகிறது.

நகரங்களின் விளிம்பில் இன்னும் விவசாய நிலங்கள் இருக்கின்றன. அங்கே தெருவுக்கு வெறும் கோடு போட்டாலே இன்று போதும். பத்து ஆண்டுகள் கழித்து அதே தெருவுக்காக வீடுகளை இடிக்கவேண்டியிருக்கும்.