கண்ணாடிக்குள் ஒரு குளம் – 9: பாசி எதைக் காட்டுகிறது?

செடி வைத்த மீன் தொட்டியைப் பாதியில் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் பாசியைத்தான் சொல்வார்கள். மருந்து ஊற்றினால் சில நாள் தெளியும், பிறகு மறுபடியும் படரும். வந்த காரணம் அப்படியே இருக்கும்போது பாசி எப்படிப் போகும்?

அந்தக் காரணத்தைப் பற்றியே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தினால் பாசி அடங்கும் என்று 1996-ல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் எழுதினார்கள். பலர் பாஸ்பேட்டைக் கண்டாலே அஞ்சினார்கள். பின்னர் அமெரிக்கரான டாம் பார், செடி அடர்ந்த, கார்பன் டை ஆக்சைடு போதுமான அளவு கிடைக்கும் தொட்டிகளில் பாஸ்பேட்டைத் தாராளமாகவே சேர்த்துப் பார்த்தார். செடிகள் செழித்தன, பாசி பெருகவில்லை. தண்ணீரில் சத்து இருப்பதால் மட்டும் பாசி வருவதில்லை. செடி தடுமாறும் இடத்தில்தான் அது கால் ஊன்றுகிறது.

செடி எங்கே தடுமாறுகிறது என்பதைப் பாசியின் வகையே ஓரளவு சொல்லிவிடும்.

புதுத் தொட்டியில் பழுப்பு மாவுபோல் படிவது டயாட்டம். ஸ்பாஞ்சால் துடைத்தாலே வந்துவிடும். தொட்டி நிலைப்பட்டதும் பெரும்பாலும் தானே மறையும். கண்ணாடியிலும் அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் செடிகளின் இலையிலும் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிகள், பல நேரம் வெளிச்சம் மிகுந்து பாஸ்பேட் குறைந்ததன் அடையாளம். பாஸ்பேட்டுக்குப் பயந்தவர்கள் இங்கே அதைச் சேர்க்க வேண்டியிருக்கும்!

இலை விளிம்பில் கறுப்புத் தாடிபோல் முளைப்பது சிவப்புப் பாசி இனம்; ஆல்கஹாலில் போட்டால் நிறம் சிவப்பாக மாறும். கார்பன் டை ஆக்சைடு ஒருநாள் கூடி ஒருநாள் குறையும் தொட்டிகளில் இது அதிகம். நீலப்பச்சையாக வழவழப்பாகப் படர்ந்து, கெட்ட வாடை அடித்து, ஏடு ஏடாக உரிந்து வருவது பாசியே அல்ல, ஒரு வகை பாக்டீரியா. அடியில் கழிவு தேங்கி, நீரோட்டம் மந்தமாகி, நைட்ரேட் தீர்ந்துபோன இடங்களில் காணலாம். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியை 3 நாள் இருட்டாக மூடி வையுங்கள். அந்த நாட்களில் ஏர் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வெளிச்சத்தைக் குறையுங்கள். அடுப்பில் தீயைக் கூட்டினால் உலையில் தண்ணீரும் போதுமான அளவு இருக்க வேண்டும் அல்லவா? வெளிச்சம் கூடக்கூட, செடிக்குக் கார்பனும் சத்தும் கூடுதலாகத் தேவை. அவை கிடைக்காதபோது வெளிச்சம் பாசிக்கே பயன்படும். டைமர் வைத்து விளக்கை 6 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். சன்னல் வெயில் நேராக விழ வேண்டாம். ஹைட்ரில்லா போல விரைவாக வளரும் செடிகளை முதல் நாளிலேயே நெருக்கமாக நடுங்கள். அழுகிய இலைகளைக் கிள்ளி எடுங்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். இரண்டு வாரமாவது பொறுத்திருங்கள். பாசி பிடித்த பழைய இலை தேறாது, அதை வெட்டிவிடலாம். கவனிக்க வேண்டியது புதிதாக விரியும் இலையைத்தான். அது சுத்தமாக வந்தால் நீங்கள் செய்த மாற்றம் சரியானது.

(அடுத்த வாரம்: தகாஷி அமானோ தன் தொட்டிகளில் பாசி தின்னவிட்ட இறால்கள்)