பம்பரைப் பொருத்திப் பாருங்கள், பிறகு குரோம் போடுங்கள்

பழைய வாகனங்களைப் பேணிக் காப்பது பற்றி எங்கள் தொலைக்காட்சி அரங்கில் உரையாடல் நடந்தபோது, சுங்கை பட்டாணியிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். பழைய கார் வைத்திருக்கும் அனைவருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே விளக்குகிறேன்.

அவருடைய தந்தை பீடோங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் துரைக்குக் கார் ஓட்டியவர். துரை தாயகம் திரும்பியபோது, தம்முடைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை அவருக்கே விற்றுவிட்டுப் போனார். பல ஆண்டுகள் கொட்டகையில் முடங்கிக் கிடந்த அந்தக் காரை, மகன் தம் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் புதுப்பித்து வருகிறார். தைப்பூசத்தன்று அப்பாவை அதில் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

துருவேறிய முன் பம்பரை நெளிவெடுத்துக் குரோம் போடக் கொடுத்தார். கண்ணாடிபோல் பளபளத்து வந்தது. காரில் வைத்துப் பார்த்தால் இடது முனை ஓர் அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இழுத்துப் பிடித்து முடுக்கியதில், ஓரத்தில் குரோம் மயிரிழைபோல வெடித்துச் செதிலாக உதிர்ந்தது. "அண்ணே, தப்பு பம்பரிலா, என்னிடமா?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

அரங்கில் இருந்த பட்டறைப் பெரியவர் பதில் சொன்னார்: "தம்பி, ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. வேலையோட வரிசைதான் மாறிப் போச்சு."

இரும்புப் பம்பர் காலம்

எம்.ஜி.பி. கார் 1962இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1980இல் உற்பத்தி நிற்கும்வரை 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. அமெரிக்காவின் மோதல் பாதுகாப்பு விதிகளுக்காக 1974இன் பிற்பகுதியில் குரோம் பம்பரைக் கைவிட்டு, கறுப்பு ரப்பர் பம்பருக்கு மாறினார்கள். அதனால்தான் அதற்கு முந்திய குரோம் பம்பர் கார்களுக்கு இன்றும் தனி மதிப்பு.

வளைத்தால் ஏன் வெடிக்கிறது?

நாம் குரோம் என்று சொல்வது ஒரே பூச்சு அன்று. இரும்பின் மேல் பெரும்பாலும் செம்பு, அதன் மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். அந்தக் கடைசிப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. துருவைத் தடுப்பது பெரும்பாலும் நிக்கல்தான். குரோமியம் பளபளப்பும் கடினமும் தருகிறது. ஆனால் வளைந்து கொடுக்காது. குரோம் போட்ட பம்பரை வளைத்தால் மேல்பூச்சு வெடிக்கும். வெடிப்பு ஆழமானால் ஈரம் இரும்பைத் தொடும். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் சில மாதங்களில் துரு எட்டிப் பார்த்துவிடும்.

ஆகவே நெளிவெடுத்த பம்பரை முதலில் காரில் பொருத்திப் பார்த்து, எல்லா இடமும் சரியான பிறகே குரோம் போட அனுப்ப வேண்டும். கல்யாணச் சட்டையை அளவு பார்த்துத் தைத்த பிறகுதானே ஜரிகை வைப்பார்கள்!

பொருத்தும் முறை

முதலாவது, காரைச் சமதரையில் நிறுத்தி, டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா எனப் பாருங்கள். ஆனாலும் பம்பரின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். பழைய காரில் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். காரின் உடலிலிருந்தே அளக்க வேண்டும்.

இரண்டாவது, பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் சோதியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு முன்னால் நீண்டிருக்க வேண்டும். பழைய மோதலில் அவைதான் முதலில் வளையும். திருத்த வேண்டியது பிராக்கெட்டை, பம்பரை அன்று.

மூன்றாவது, காரின் பெயிண்ட் ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். பம்பருக்கு அடியில் மரக்கட்டையும் பழைய போர்வையும் வைத்து, இருவராகப் பிடியுங்கள். ஒருவர் தனியாகச் செய்தால் கீறல் நிச்சயம்.

நான்காவது, எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருகி விடுங்கள். ஒன்றையும் முடுக்க வேண்டாம். வேண்டிய தடிமனில் ஓர் அட்டைத் துண்டை வெட்டி, பம்பருக்கும் உடலுக்கும் இடையில் இடமும் வலமும் நுழைத்துப் பாருங்கள். இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பம்பர் எங்கும் உடலைத் தொடக் கூடாது. தொட்டால் ஓடும் அதிர்வில் பெயிண்ட் தேய்ந்துவிடும். உள்ளே தள்ளியிருக்கும் பக்கத்தில் பிராக்கெட்டுக்கும் பம்பருக்கும் நடுவே வாஷர் வைத்துச் சரிசெய்யலாம்.

ஐந்தாவது, பத்தடி தள்ளிப் போய் நேரெதிரே குனிந்து பாருங்கள். அளவுகோல் விட்டதைக் கண் பிடித்துவிடும். பிறகு நடுவிலிருந்து முனை நோக்கி, இடமும் வலமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அட்டையை நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பம்பர் இழுபட்டுக் கோணிவிடும். ஓவர்ரைடர்களைக் கடைசியில் மாட்டுங்கள்.

பம்பரின் பின்புறம் யார் கண்ணிலும் படாது. துரு அங்கேதான் தொடங்கும். அங்கே துருத் தடுப்புப் பெயிண்ட் அடித்து மெழுகு பூசுங்கள். குரோம் போடும் வேலையை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். அந்த அமிலக் கரைசலும் அதன் ஆவியும் கொடிய நஞ்சு.

அந்த இளைஞருக்கு என்ன ஆயிற்று? பெரியவர் சொன்னபடி பிரித்துப் பார்த்தபோது, இடது பிராக்கெட் வளைந்திருந்தது தெரிந்தது. அதை நிமிர்த்தியதும் பம்பர் தானாக இடத்தில் உட்கார்ந்தது. வெடித்த ஓரத்தை மெழுகால் மூடி அப்படியே விட்டுவிட்டார். தைப்பூசத்தன்று அந்த வடுவைத் தடவிப் பார்த்த தந்தை, "அது கிடக்கட்டும்டா, சாவியக் கொடு" என்று சொல்லிவிட்டு, தாமே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாராம்.