குடியிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்தல்: கொண்டாப்பூரும் அதன் அண்டைப் பகுதிகளும்

வேலையின் பொருட்டுப் பெருநகரத்திற்கு வரும் குடும்பம் எடுக்க வேண்டிய முதல் முடிவு, எந்தப் பகுதியில் குடியேறுவது என்பதாகும். பெரும்பாலோர் வாடகையையும் அலுவலகத்திற்குள்ள தூரத்தையும் மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஆனால், ஒரு பகுதியில் வாழ்வதற்கு ஆகும் உண்மையான செலவு கோடையில் தண்ணீரிலும், மழைக்காலத்தில் வடிகாலிலும், அன்றாடம் பயண நேரத்திலும் வெளிப்படுகிறது. ஹைதராபாத் நகரின் மேற்கே உள்ள கொண்டாப்பூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

கிராமம் நகரமான விதம்

கொண்டாப்பூர், சேரிலிங்கம்பள்ளி வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு கிராமமாக இருந்தது. 1974-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, பின்னர் அருகிலுள்ள கச்சிபவுலியில் அதன் வளாகம் வளர்ந்தது. 1998-இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டபின், கணினி நிறுவனங்கள் அதனைச் சுற்றிப் பெருகின. அங்கு பணியாற்றுவோரின் குடியிருப்பாகக் கொண்டாப்பூர் மாறியது. சேரிலிங்கம்பள்ளி நகராட்சி 2007-இல் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கட்டடங்கள் முதலில் எழுந்தன. குழாய், சாக்கடை, சாலை ஆகியவை பின்னரே தொடர்ந்தன. இன்று அண்டைப் பகுதிகளிடையே காணப்படும் வேறுபாடுகளுக்கு இந்த வரிசைமாற்றமே முக்கியக் காரணமாகும்.

தூரமும் நேரமும்

மெட்ரோ ரயில் 2017 நவம்பரில் மியாப்பூரிலிருந்தும், 2019-இல் ஹைடெக் சிட்டி, ராய்துர்க் நிலையங்களிலிருந்தும் ஓடத் தொடங்கியது. கொண்டாப்பூர் இவ்விரு தடங்களின் முனைகளுக்கும் இடையே அமைந்துள்ளது. அதற்கெனத் தனி நிலையம் இல்லை. மியாப்பூர்வாசி ஒருவர் மெட்ரோவில் ஹைடெக் சிட்டிக்குச் செல்ல வேண்டுமாயின், அமீர்பேட்டை வரை சென்று வண்டி மாறித் திரும்பி வர வேண்டும். நிலப்படத்தில் அருகில் தோன்றும் இடம் பயணத்தில் அருகில் இருப்பதில்லை. கொத்தகூடா மேம்பாலமும் (2023), கச்சிபவுலியிலிருந்து கொண்டாப்பூருக்கு வரும் மேம்பாலமும் (2025) வாகனங்களுக்கு ஓரளவு வழி திறந்துள்ளன. எனினும், வேலைநாளின் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை நேரில் பயணம் செய்து பார்ப்பதே சரியான அளவுகோலாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தொலைவிலுள்ள வீட்டில் மாத வாடகை 4,000 ரூபாய் குறைவு. ஆனால் போகவும் வரவும் தலா 45 நிமிடம் கூடுதல் என்று கொள்வோம். மாதத்தில் 24 வேலை நாட்களுக்கு 36 மணி நேரம் இழப்பாகிறது. மணிக்கு ஏறத்தாழ 110 ரூபாய் என்ற விலைக்கு அந்த நேரத்தை விற்கிறோம். இது இலாபமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே தீர்மானிக்க வேண்டும்.

தண்ணீர்

இவ்வட்டாரம் கடினமான கருங்கற் பாறைமீது அமைந்தது. மேலடுக்கின் சிதைந்த பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நிலத்தடி நீர் தங்குகிறது. நிலம் முழுவதும் கட்டடங்களாலும் சிமெண்டாலும் மூடப்பட்டால் மழைநீர் உட்புகுவதில்லை. ஆழ்துளைக் கிணறுகள் வற்றுகின்றன. 2024 கோடையில் நகரின் மேற்குப் பகுதிகளில் தண்ணீர் லாரிகளின் தேவை பெரிதும் உயர்ந்தது. மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் நீரைப் பெருநகரக் குடிநீர் வாரியம் வழங்கிவருகிறது. எனினும் ஒரே தெருவில் ஒரு குடியிருப்புக்குக் குழாய்நீர் போதுமானதாகவும், மற்றொன்று லாரியை நம்பியும் இருக்கக்கூடும். ஆகவே, வீடு பார்ப்பவர் டிசம்பர் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை அல்ல, ஏப்ரல், மே மாதக் கட்டணத்தைக் கேட்டறிவது நலம்.

ஏரியும் வடிகாலும்

2020 அக்டோபரில் பெய்த பெருமழை, ஏரிகளையும் ஓடைகளையும் மறந்து கட்டியதன் விளைவை நகருக்கு உணர்த்தியது. 2012-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளின் முழு நீர்மட்ட எல்லையிலிருந்து 30 மீட்டரும், சிறிய ஏரிகளிலிருந்து 9 மீட்டரும் கட்டடமின்றி விடப்பட வேண்டும். 2024-இல் அமைக்கப்பட்ட ‘ஹைட்ரா’ என்னும் அமைப்பு, ஏரி ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கியது. வீடு வாங்குவோர் இந்த எல்லையையும், 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் கட்டடத் திட்டம் பதிவாகியுள்ளதா என்பதையும் முன்பணம் தருமுன் சரிபார்த்தல் இன்றியமையாதது.

தேர்வு யாருக்கு?

மேற்கூறிய ஒப்பீடுகள் யாவும் வசதி படைத்தோர்க்கே எளிதாகக் கைகூடும். இக்குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்வோரும் காவலாளிகளும் பகுதியைத் தேர்ந்தெடுப்பதில்லை; கையிலுள்ள கூலியே அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கிறது. மேலும், குழாயும் ரயிலும் வந்த இடத்தில் வாடகை உயர்வது இயல்பு. பொதுப்பணத்தால் விளைந்த வசதியின் பயன் நிலவுடைமையாளரைச் சேர, எளியோர் வசதியற்ற ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றனர்.

ஆதலின், குடும்பங்கள் விழிப்புடன் ஒப்பிட்டுப் பார்ப்பது தேவையெனினும், அதுவே முழுத் தீர்வாகாது. நீர் விநியோகம், வெள்ளம் தேங்கும் இடங்கள், பேருந்து வசதி ஆகிய விவரங்களைப் பகுதிவாரியாக அரசு அமைப்புகள் எளிய மொழியில் வெளியிட வேண்டும். கட்டட அனுமதி தருமுன் குழாயும் வடிகாலும் உறுதிசெய்யப்பட வேண்டும். எந்தப் பகுதியில் குடியேறினாலும் தண்ணீரும் வழியும் கிடைக்கும் என்ற நிலை உருவாகும்போதுதான், நகர வளர்ச்சி அனைவருக்கும் உரியதாகும்.