பாசியில் எண்ணெய் எடுக்க முடியுமா?

1998-ல் ஹூண்டாய் தன் முதல் இந்தியக் காரை வெளியிட்டது சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில்தான். அதே வட்டாரத்து ஏரி, குளங்களில் கோடை வந்தால் பச்சைப் பசேலெனப் படரும் நுண்பாசியிலும் வண்டி ஓட்டும் எண்ணெய் உண்டு.

கொடைக்கானலிலிருந்து மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் பிரித்தெடுத்த பொட்ரியோகாக்கஸ் பிரானி என்ற நுண்பாசியை நுண்ணோக்கியில் பார்த்தால் இது விளங்கும். திராட்சைக் குலைபோல் திரண்டிருக்கும் அதன் மேல் கண்ணாடித் தகட்டை லேசாக அழுத்தினால் போதும், எண்ணெய்த் துளிகள் வெளியே கசியும். ஆனால் அது மிக மெதுவாக வளரும். வேகமாகப் பெருகும் குளோரெல்லா என்ற பாசியோ கொழுப்பைச் செல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அந்தக் கொழுப்பைப் பிரித்து, மெத்தனாலுடன் வினைபுரியவைத்தால் பயோடீசல் தயார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நைட்ரஜனைக் குறைத்தால் பாசியில் கொழுப்பு ஏறும், வளர்ச்சி நின்றுவிடும். 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு நடத்திய ஆய்வுத் திட்டம் கண்டுகொண்ட பாடம் இது. 2009-ல் பெரும் முதலீட்டு அறிவிப்போடு களமிறங்கிய எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில்கூட 2023-ல் விலகிக்கொண்டது.

அறுவடையும் லேசுப்பட்டதல்ல. திறந்த தொட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் உலர்பாசி கிடைத்தாலே நல்ல விளைச்சல். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 4,600 லிட்டர் தண்ணீரை வடிகட்ட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் வளர்க்கும் சுருள்பாசி, சத்துணவாக விற்பதால் கட்டுப்படியாகிறது. எரிபொருள் விலைக்கு விற்றால் கட்டுப்படியாகாது.

வழி இல்லாமல் இல்லை. ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஸ்னாப் ஆலையின் கழிவுநீர் அமிலத்தன்மை கொண்டது. அதைச் சரிசெய்யக் காஸ்டிக் சோடா கொட்டினார்கள், கசடு குவிந்தது. சென்னை விவேகானந்தா கல்லூரியின் வி. சிவசுப்பிரமணியன் குழுவினர் குரோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை அந்த வேலைக்கு இறக்கினர். அமிலம் தணிந்தது, கசடும் குறைந்தது. அங்கே பாசியின் வேலை எண்ணெய் தருவதல்ல, தண்ணீரைச் சுத்தம் செய்வது.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலை வரிசைக்கு இதுவே பொருத்தமான முன்மாதிரி. இங்கே கழிவுநீர் உண்டு, கொதிகலன் புகையும் உண்டு. ஒரு கிலோ உலர்பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு தேவை. அதைப் புகையிலிருந்தே கொடுக்கலாம். ஆலைக் கழிவில் வளர்ந்த பாசியை யாரும் உண்ண முடியாது. எரிபொருளுக்கு ஒதுக்க வேண்டியது அந்தப் பாசியைத்தான். குடிநீர் ஏரிகளின் நன்னீரை இதற்குத் தொடவே கூடாது.