ஐரோப்பிய யுத்தம் மூண்ட காரணம்

1942-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ரங்கூன் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. உடனே சென்னை மாகாணத்துக்குப் பர்மா அரிசி வருவது நின்றது. அதன் கஷ்டம் முத்தாபுதுப்பேட்டை போன்ற கிராமங்களின் அடுப்பங்கரை வரை எட்டிற்று. ஐரோப்பாவில் 1939-ல் பற்றிய தீயே, 1941 டிசம்பரில் ஜப்பானும் யுத்தத்தில் புகுந்தபின், இவ்வாறு நம் வாசலுக்கு வந்தது. ஆதலின் அத்தீ பற்றிய காரணத்தைக் குடியானவர்களும் அறிந்திருத்தல் நலம்.

முதற் காரணம் தாங்கமுடியாத கடன். முதல் மகா யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி, 1919-ம் வருஷத்து வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையால் நிலமும் படையும் இழந்தது. 1921-ல் அதன்மீது 13,200 கோடி தங்க மார்க்கு நஷ்டஈடு விதிக்கப்பட்டது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க்கு என்னும் அளவுக்கு அதன் நாணயம் சீரழிந்தது. 1932-ல் நஷ்டஈடு அநேகமாய்த் தள்ளுபடியாயிற்று, மனக்கசப்போ தள்ளுபடியாகவில்லை. அவ்வருஷம் வேலையற்றோர் சுமார் 60 லட்சம் பேர். இக்கசப்பையும் பசியையும் பயன்படுத்திய ஹிட்லர், 1933 ஜனவரியில் பிரதம மந்திரியானார்.

இரண்டாவது காரணம், முதல் மீறுதலைத் தடுக்காமை. 1936-ல் ரைன் பிரதேசத்தில் படை புகுந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா விழுங்கப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பரில் பிரிட்டனும் பிரான்சும் ம்யூனிக் நகரில் செக்கோஸ்லோவேக்கியாவின் எல்லைப்புறத்தை விட்டுக்கொடுத்தன. அந்நாட்டாரை அங்கே கலந்துகொள்ளவில்லை. ஆறு மாதத்தில் எஞ்சிய பாகத்திலும் ஜெர்மன் படை புகுந்தது. 1939 ஆகஸ்டு 23-ந் தேதி ரஷ்யாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, செப்டம்பர் 1-ந் தேதி ஹிட்லர் போலந்தைத் தாக்கினார். 3-ந் தேதி பிரிட்டனும் பிரான்சும் யுத்தம் அறிவித்தன.

அன்றே இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்ததாக வைசிராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். இந்தியப் பிரதிநிதிகளைக் கேட்கவில்லை. இதை ஆட்சேபித்து ராஜாஜியின் மந்திரிசபை அக்டோபர் இறுதியில் ராஜிநாமாச் செய்தது.

ஐக்கிய நாணய சங்கத்து அங்கத்தினருக்கு இவை புதிய பாடங்கள் அல்ல. கடனாளியின் சக்திக்கு மேற்பட்ட கடன் வசூலாகாது, விரோதமே மிஞ்சும். முதல் தவணை தவறும்போதே விசாரிக்காத சங்கம் பின்னர் முழுத்தொகையையும் இழக்கும். பொதுக்கூட்டம் கூட்டாமல் செய்த தீர்மானத்தின் நஷ்டமோ, கையெழுத்திடாதவர் தலையிலும் விழும்.